கூட்டத்தில் தலைவரைப் பார்க்காத ஒரே ஆள்!

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில், தாடிக்கொம்பை ஒட்டி இருக்கிறது அகரம். தேர்தல் வந்துவிட்டால் இந்தப் பக்கத்துச் சாலைகளில் கொடிகள் முளைத்துவிடும். ‘இதோ வந்துகொண்டிருக்கிறார்’ என்று ஒலிபெருக்கி மதியமே சொல்லத் தொடங்கும். தலைவர் வந்து சேர இரவாகிவிடும். டீக்கடை பெஞ்சு, மொட்டை மாடி, ஓரமாக நிறுத்திய டிராக்டர் என ஏற முடிந்த இடத்திலெல்லாம் ஏறி நின்று காத்திருப்பார்கள். பிரசார வேன் திரும்பும் நொடியில் நூற்றுக்கணக்கான செல்போன்கள் ஒன்றாக மேலே எழும்.

அத்தனை கண்களும் தலைவர் மீது இருக்கும். ஒரே ஒருவர் மட்டும் தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நம்மைப் பார்த்து நிற்பார். சஃபாரி சட்டை, காதில் சுருள் ஒயர், சிரிக்காத முகம். தலைவர் ஜோக் சொன்னால் கூட்டமே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். நாம் எடுத்த வீடியோவில் அவர் இருப்பார். ஆனால், அவர் பெயர் நமக்குத் தெரியாது.

அவர்தான் மெய்க்காப்பாளர். போலீஸ் மொழியில் ‘பி.எஸ்.ஓ’, அதாவது தனிப் பாதுகாப்பு அதிகாரி. அவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத நாளைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்களின் கதை பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை.

முகத்தை அல்ல, கையைப் பார்!

மெய்க்காப்பாளர் என்றதும் சினிமா நமக்குக் காட்டுவது முறுக்கேறிய உடம்பு, கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி. நிஜத்தில் அவருடைய முதல் ஆயுதம் கண்தான். பாதுகாப்புப் பயிற்சியின் பாலபாடமே, கூட்டத்தில் முகங்களைவிடக் கைகளைக் கவனிக்க வேண்டும் என்பது. முகம் சிரிக்கும், அழும், கோஷம் போடும். ஆபத்து என்று ஒன்று வந்தால் அது கை வழியாகத்தான் வரும். எல்லோரும் கையை ஆட்டும்போது ஒருவர் மட்டும் கையைச் சால்வைக்குள் வைத்திருந்தால், மெய்க்காப்பாளரின் கண் அங்கே நின்றுவிடும்.

தலைவர் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மேடை, படிக்கட்டு, மின்சார இணைப்பு என ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஒரு குழு சோதிக்கும். போகும் பாதைக்கு ஒரு மாற்றுப் பாதை இருக்க வேண்டும். அருகில் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரலாம், தலைவரின் ரத்த வகை அங்கே இருப்பில் உள்ளதா என்பதுவரை குறித்துக்கொள்வார்கள். தலைவரைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பாதுகாப்பு இருக்கும். வெளிவட்டத்தில் உள்ளூர் போலீஸ். நடுவட்டத்தில் சோதனை செய்பவர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் உள்வட்டத்தில் பி.எஸ்.ஓ.

எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்று செய்தியில் வருவதெல்லாம் இந்த வட்டத்தின் அளவுதான். எக்ஸ் என்றால் ஓரிருவர் மட்டுமே. இசட் பிளஸ் என்றால் முறை வைத்துப் பல டஜன் பேர். யாருக்கு எந்தப் பிரிவு என்பதை உளவுத்துறை தரும் ஆபத்து மதிப்பீட்டை வைத்து அரசு முடிவு செய்கிறது.

இந்த வேலைக்கு நேரம் காலம் கிடையாது. தலைவர் சாப்பிடும்போது இவர் நிற்க வேண்டும். தலைவர் தூங்கப் போன பிறகுதான் இவருக்குச் சாப்பாடு. தீபாவளியோ பொங்கலோ, தலைவர் எந்த ஊரிலோ அந்த ஊரில்தான் இவருக்கும் பண்டிகை. தலைவர் வீட்டுத் திருமணத்தில் வாசலில் நிற்பவருக்குத் தன் வீட்டு விசேஷத்துக்கு லீவு கிடைக்குமா என்பது கடைசி நாள்வரை தெரியாது.

ஸ்டன்ட் கலைஞர்கள் காவல் காத்த காலம்

திண்டுக்கல்காரர்களுக்கு அரசியல் கூட்டம் புதிதல்ல. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க-வைத் தொடங்கினார். அந்தக் கட்சியின் முதல் வெற்றி 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான் கிடைத்தது. இரட்டை இலையில் நின்று ஜெயித்தவர் மாயத்தேவர். அந்தத் தேர்தலில் எம்.ஜி.ஆரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தைப் பற்றி இன்றும் பேசும் பெரியவர்கள் இந்தப் பகுதியில் உண்டு.

எம்.ஜி.ஆரைச் சுற்றி அந்நாளில் நின்றவர்களில் அவருடைய படங்களின் ஸ்டன்ட் கலைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் கே.பி.ராமகிருஷ்ணன். திரையில் எம்.ஜி.ஆருக்கு டூப் போட்டவர், திரைக்கு வெளியே மெய்க்காப்பாளராக இருந்தார். பிறகு ‘எம்.ஜி.ஆர். ஒரு சகாப்தம்’ என்ற நூலையும் எழுதினார். படத்தில் விழ வேண்டிய அடி, நிஜத்தில் விழக்கூடிய அடி இரண்டையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

ஆனால், எம்.ஜி.ஆரின் உயிருக்கு வந்த பெரிய ஆபத்து கூட்டத்திலிருந்து வரவில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில், உடன் நடித்த எம்.ஆர்.ராதாவின் துப்பாக்கியிலிருந்து வந்தது. குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. தெரியாதவர்களைத் தடுக்கலாம். தெரிந்தவர்களை எப்படித் தடுப்பது? பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களுக்கு அன்றும் இன்றும் பெரிய சவால் இதுதான்.

மதுரையில் இந்திராவுக்குக் கிடைத்த கேடயம்

1978 அக்டோபர். ஆட்சியில் இல்லாத இந்திரா காந்தி மதுரைக்கு வந்தார். எமர்ஜென்சியைக் கண்டித்து தி.மு.க-வினர் கறுப்புக் கொடி காட்டினார்கள். கற்கள் பறந்தன. அவர் அருகில் இருந்த காங்கிரஸ் தலைவர் பழ.நெடுமாறன், தன் உடம்பால் இந்திராவை மறைத்து அடிகளை வாங்கிக்கொண்டார். அவர் காவலர் அல்ல. பயிற்சி பெற்றவரும் அல்ல. ஆனாலும் அந்த நிமிடத்தில் ஒரு மெய்க்காப்பாளர் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

அடுத்த ஆறாவது ஆண்டு, 1984 அக்டோபர் 31. டெல்லியில் தன் வீட்டிலிருந்து பக்கத்து அலுவலகத்துக்கு நடந்து சென்ற இந்திராவைச் சுட்டது பியந்த் சிங், சத்வந்த் சிங் என்ற இரண்டு காவலர்கள். காப்பாற்ற வேண்டிய கையே சுட்டுவிட்டது.

அந்தக் கொலைக்குப் பிறகுதான் பிரதமரைப் பாதுகாக்கவென்றே எஸ்.பி.ஜி என்ற சிறப்புப் பாதுகாப்புக் குழு 1985-ல் உருவானது. 1988-ல் அதற்குத் தனிச் சட்டமும் வந்தது. சட்டப்படி அந்தப் பாதுகாப்பு பதவியில் இருக்கும் பிரதமருக்கானது. 1989 டிசம்பரில் ராஜீவ் காந்தி பிரதமர் பதவியை இழந்தார். சில மாதங்களில் எஸ்.பி.ஜி-யும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆபத்து மட்டும் விலகவில்லை.

1991 மே 21, இரவு 10.20

நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து இறங்கிய ராஜீவ் காந்தி, காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஆதரவு கேட்க ஸ்ரீபெரும்புதூர் கிளம்பினார். அங்கே தன் தாய் இந்திராவின் சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டத் திடலுக்கு வந்தார். சிவப்புக் கம்பளத்தில் நடந்து மேடையை நோக்கிச் சென்றார். வழியில் ஒரு சிறுமி கவிதை வாசித்துக் காட்டினாள். நின்று கேட்டார்.

அவருக்குப் பக்கத்தில் நிழலாக நின்றவர் டெல்லி போலீஸின் சப்-இன்ஸ்பெக்டர் பிரதீப் குமார் குப்தா. ராஜீவின் பி.எஸ்.ஓ.

கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருந்தார் பெண் சப்-இன்ஸ்பெக்டர் அனுசுயா. சந்தன மாலையோடு ஒரு இளம்பெண் ராஜீவை நெருங்கி வருவதைப் பார்த்துத் தடுத்தார். அதைக் கவனித்த ராஜீவ், எல்லோரும் வரட்டும், கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். அனுசுயா இதைப் பின்னாளில் பல பேட்டிகளில் பகிர்ந்திருக்கிறார். தலைவரே சொன்ன பிறகு ஒரு சப்-இன்ஸ்பெக்டர் என்ன செய்ய முடியும்? விலகினார்.

மாலையோடு வந்தவர் தனு. காலைத் தொட்டு வணங்குவதுபோல் குனிந்தார். இடுப்பில் கட்டியிருந்த குண்டு வெடித்தது.

ராஜீவ் இறந்தார். குப்தா இறந்தார். எஸ்.பி. முகமது இக்பால் இறந்தார். கவிதை வாசித்த சிறுமியும் இறந்தாள். அன்று பலியானவர்களில் ஒன்பது பேர் காவல் துறையினர். தலைவரின் பெயரைச் சொல்லித்தான் அந்த நாளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஒன்பது வீடுகளுக்கு அது வேறொருவரின் நினைவு நாள்.

பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம், மாற்றுப் பாதுகாப்பு போதுமான அளவில் இல்லாமல் எஸ்.பி.ஜி-யை விலக்கியதைக் குறை சொன்னது. உளவுத்துறை, மாநிலக் காவல் துறை ஆகியவற்றின் குறைகளோடு, பாதுகாப்பு ஏற்பாட்டில் கட்சிக்காரர்களின் குறுக்கீட்டையும் அது சுட்டிக்காட்டியது. தலைவரிடம் யார் போகலாம், யார் போகக் கூடாது என்பதைக் காவலர் முடிவு செய்யும் நிலை அந்தத் திடலில் இருக்கவில்லை. கொலை நடந்த அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, முன்னாள் பிரதமர்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் எஸ்.பி.ஜி பாதுகாப்பு நீட்டிக்கப்பட்டது. 2019-ல் மீண்டும் ஒரு திருத்தம். இப்போது எஸ்.பி.ஜி, பதவியில் இருக்கும் பிரதமருக்கும் அவருடன் வசிக்கும் குடும்பத்தினருக்கும்தான். முன்னாள் பிரதமர் என்றால் பதவி விலகியதிலிருந்து ஐந்து ஆண்டுகள்.

உயிரோடு திரும்பியவர்கள்

தலைவர் சொல்லி விலகிய அந்தச் சில அடிகள் அனுசுயாவின் உயிரைக் காப்பாற்றின. ஆனால் கை விரல்களை இழந்தார். உடம்பில் பாய்ந்த இரும்புக் குண்டுத் துகள்கள் பல ஆண்டுகள் வலியைக் கொடுத்தன. அதற்காக அவர் காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. கூடுதல் கண்காணிப்பாளர் நிலைவரை உயர்ந்து ஓய்வு பெற்றார். அன்று விலகியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பதில், அவரும் இறந்திருப்பார் என்பதுதான். விலகச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அதே திடலில் காயமடைந்து விழுந்த இன்னொருவர், அப்போது காஞ்சிபுரம் ஏ.எஸ்.பி-யாக இருந்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் வி.பிலிப். ரத்தக் கறை படிந்த அவருடைய தொப்பியும் பெயர் வில்லையும் வழக்கின் சான்றுப் பொருள்களாக நீதிமன்றத்துக்குப் போயின. அவர் குணமாகி மறுபடி பணிக்கு வந்தார். 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி-யாக இருந்தபோது பொதுமக்களைக் காவல் துறையோடு இணைக்கும் ‘போலீஸ் நண்பர்கள்’ அமைப்பைத் தொடங்கினார். ஒரு கூட்டத்தில் வெடித்த குண்டால் சாவின் விளிம்புவரை போய் வந்தவர், கூட்டத்தை வெறுக்கவில்லை. அதே மக்களைத் தேடிப் போனார்.

30 ஆண்டுகள் ஓடின. 2021 செப்டம்பர் 30 அன்று டி.ஜி.பி-யாக அவர் ஓய்வு பெற வேண்டிய நாள். நீதிமன்றத்தில் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். கடைசி நாளில் அந்தத் தொப்பியையும் பெயர் வில்லையையும் அணிந்துகொள்ள வேண்டும். ஒரு லட்ச ரூபாய் உறுதிப் பத்திரம் பெற்றுக்கொண்டு, குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் அனுமதித்தது. புதுத் தொப்பி வாங்க முடியாதவர் அல்ல அவர். ஆனால், அந்தப் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் விடைபெற்றார்.

தலைவர்களுக்குப் பிடிக்காத நிழல்

மெய்க்காப்பாளருக்கு எதிரி யார் என்று கேட்டால் கொலைகாரன் என்போம். அன்றாட வேலையில் அவர் போராடுவது பெரும்பாலும் தான் காக்கும் தலைவரோடுதான்.

கே.எஃப்.ருஸ்தம்ஜி என்ற போலீஸ் அதிகாரி, 1950-களில் ஆறு ஆண்டுகள் பிரதமர் நேருவின் பாதுகாப்பைக் கவனித்தார். நேருவுக்குக் கயிறு கட்டித் தடுப்பதே பிடிக்காது. கூட்டத்துக்குள் சட்டென்று இறங்கிவிடுவார். 1955-ல் நாக்பூரில் ஒருவர் கத்தியோடு நேருவின் கார்மீது ஏறிய சம்பவமும் நடந்தது. அதன் பிறகும் நேரு மாறவில்லை. அந்த நாள்களை ருஸ்தம்ஜி டைரியில் எழுதி வைத்தார். அது பின்னாளில் புத்தகமாக வந்தது. அவரே 1965-ல் எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவரானார். 1991-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். ஒரு தலைவரின் பின்னால் நின்றவர் ஒரு படைக்கே முன்னால் நின்ற கதை அது. ஆனால், எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அமெரிக்காவில் கிளின்ட் ஹில் என்று ஒருவர் இருந்தார். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது, பின்னால் வந்த வாகனத்திலிருந்து குதித்து ஓடி, கென்னடியின் கார்மீது ஏறிக் கவிழ்ந்து மறைத்தவர். கென்னடியின் மனைவி உயிர் பிழைத்தார். கென்னடி பிழைக்கவில்லை. 1975-ல் ஒரு டி.வி. பேட்டியில், இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் அந்தக் குண்டு தன் மீது பட்டிருக்குமே என்று சொல்லி உடைந்து அழுதார். உலகமே அவரை வீரர் என்றது. அவரால் மட்டும் அதை நம்ப முடியவில்லை. 1990-ல் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் நின்று பார்த்த பிறகுதான், தன்னால் முடிந்ததைச் செய்தோம் என்ற அமைதி கிடைத்ததாகச் சொன்னார். 2025 பிப்ரவரியில் 93 வயதில் காலமானார்.

தலைவரைக் காப்பாற்றிய நாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு மெய்க்காப்பாளரைத் தூங்கவிடாமல் செய்வது காப்பாற்ற முடியாத அந்த ஒரு நாள்தான்.

செல்ஃபி காலத்துக் காவல்

அன்று மாலையோடு நெருங்கினார்கள். இன்று செல்போனோடு நெருங்குகிறார்கள். கையில் ஏதோ பளபளக்கிறது, அது போனா வேறு எதுவுமா என்று ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். தவறாக நினைத்துத் தட்டிவிட்டால், ‘தொண்டரைத் தள்ளிவிட்ட பாதுகாவலர்’ என்று அன்று மாலைக்குள் வீடியோ வைரலாகிவிடும். தட்டாமல் விட்டு ஏதாவது நடந்துவிட்டால் விசாரணை ஆணையத்தின் முன் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய சம்பளம்.

வேனிலிருந்து கை நீட்டுவது, கூட்டத்துக்குள் நடந்து போவது, குழந்தையை வாங்கிக் கொஞ்சுவது என எல்லாமே தலைவருக்கு ஓட்டு. மெய்க்காப்பாளருக்கு அவை எல்லாமே ஓட்டை. மக்களை நெருங்காத தலைவர் ஜெயிக்க முடியாது. நெருங்கவிடும் காவலர் நிம்மதியாக இருக்க முடியாது. இந்த இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது. தலைவர் ஒரு கையசைவில் ‘விடுப்பா’ என்று சொல்லும் அந்த நொடியில் எல்லாப் பயிற்சியும் தோற்றுப்போகிறது. ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது அதுதான்.

கூட்டத்தின் நெருக்கம் தலைவருக்கு மட்டும் ஆபத்தல்ல. 2025 செப்டம்பர் 27 அன்று, அகரத்திலிருந்து வடக்கே செல்லும் இதே சாலை போய்ச் சேரும் கரூரில், நடிகர் விஜய்யின் பிரசாரக் கூட்ட நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். தலைவரைச் சுற்றி வட்டம் போட ஆள் இருக்கிறார்கள். கூட்டத்துக்குள் நிற்கும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு வட்டம் கிடையாது. அங்கே நமக்கு நாம்தான் மெய்க்காப்பாளர்.

அடுத்த முறை பார்க்கும்போது...

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் நினைவிடம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே போகிறவர்கள் ராஜீவோடு சேர்த்து பிரதீப் குமார் குப்தா என்ற பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

மறுபடியும் தேர்தல் வரும். அகரம் பக்கமும் ஒரு பிரசார வேன் வரும். முண்டியடித்து முன்னால் போகும்போது ஒருவர் கையைக் குறுக்கே நீட்டி, ‘கொஞ்சம் பின்னால போங்கண்ணே, தள்ளி நில்லுங்கம்மா’ என்பார். கோபம் வரும். தலைவரைப் பக்கத்தில் பார்க்க இதுதானே ஒரே வாய்ப்பு என்று தோன்றும். மேலே இருந்து தலைவரும் ‘விடுங்க, வரட்டும்’ என்று கை காட்டலாம்.

அப்போது ஒரு அடி பின்னால் நகர்ந்து பாருங்கள். அந்தச் சிரிக்காத முகத்தில் ஒரு சின்ன நிம்மதி தெரியும். அன்றைக்கும் எதுவும் நடக்காமல் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு குடும்பம் சாப்பிடாமல் காத்திருக்கிறது.